சாலைக் கடைக்குப் பின்னால் திருநெல்வேலி ஸ்டேஷன்

என் சகலை வீட்டுக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்திருக்கும் செய்தியை என் மனைவிதான் கொண்டுவந்தாள். சகலை என்றால் அவள் தங்கையின் கணவர். சாலை பஜாரில் இரும்புச் சாமான் மொத்தக் கடை வைத்திருந்தார், வீடு கரமனையில். இளைய மகனுக்குக் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை. அவன் வாங்கிக் கொடுத்ததாம்.

"ஸ்க்ரீன் காலண்டர் மாதிரி மெலிசாக்கும். நம்ம வீட்டுல உள்ளதுக்கு இருக்க தொந்தி அதுக்கு இல்லே" என்றாள்.

"உள்ளே என்ன போட்டிருக்கு? விண்டோஸ் தொண்ணூத்தெட்டா?"

"அதெல்லாம் எனக்கு எங்க தெரியும்? எக்ஸ்பினு சொன்னாவ."

நான் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தேன். அதற்குமேல் ஒரு வரியும் ஓடவில்லை. அறுபத்திமூன்று வயதில் ஒருவன் இன்னொருவரின் கம்ப்யூட்டரை நினைத்துச் சாப்பாட்டைக் குறைத்தான் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் நிலைமை அப்படி இருந்தது.

நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். திருவனந்தபுரத்தில் கோட்டைக்கு உள்ளே வீடு. ஓய்வுக்குப் பிறகு பலருக்குக் கோயில் வாய்க்கும், சிலருக்குச் சீட்டாட்டம் வாய்க்கும். எனக்கு ரயில் விளையாட்டு வாய்த்தது. கம்ப்யூட்டரில் எஞ்சின் ஓட்டுகிற விளையாட்டு அது. டிரைவர் பார்க்கிற ஜன்னல் திரையில் தெரியும். வேகம் கூட்டலாம், பிரேக் போடலாம், ஹாரன் அடிக்கலாம். விளையாட்டோடு வந்தவை எல்லாம் வெளிநாட்டுப் பாதைகள். பனி மலை, குகை, சிவப்பு ஓட்டு வீடு. ஒரு பாதையில் ஒரே மாடு பதினோரு இடத்தில் நிற்பதை எண்ணிக் கண்டுபிடித்த பிறகு எனக்கு அதில் ருசி போய்விட்டது. நம் லைனை ஓட்ட வேண்டும் என்று தோன்றியது.

விளையாட்டைச் செய்தவர்கள் அதற்கு வழி வைக்கவில்லை. ஆனால் வெளிநாட்டில் ஒரு ரசிகர் தம் ஓய்வு நேரத்தில் ஒரு கருவி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டிருந்தார். புறப்படும் இடத்திலிருந்து எத்தனையாவது மீட்டரில் என்ன நிற்கிறது என்று நாம் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஸ்டேஷன், பாலம், கேட், தென்னை, எதுவானாலும். கருவி அதை அந்த இடத்தில் நட்டு, தண்டவாளத்தையும் போட்டுவிடும். கூடவே அவர் ஒரு குறிப்பு வைத்திருந்தார்: விண்டோஸ் 95, 98 இரண்டிலும் ஓட்டிப் பார்த்தேன், மற்றதற்கு நான் பொறுப்பல்ல. நாம் கட்டிய பாதையை இன்னொருவருக்கு அனுப்பினால் சின்னப் பொட்டலமாகத்தான் போகும். வாங்கியவர் கம்ப்யூட்டரிலும் அதே கருவி இருந்தால்தான் பொட்டலம் விரியும். இந்த இரண்டு விஷயமும் மனதில் இருக்கட்டும். என் துக்கம் முழுவதும் இவற்றிலிருந்து வந்ததுதான்.

நான் திருவனந்தபுரம் சென்ட்ரல் தொடங்கித் திருநெல்வேலி வரை கட்டினேன். குத்துமதிப்பாகக் கட்டவில்லை. பாசஞ்சர் வண்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, இடது பையில் புளியங்கொட்டை போட்டுக்கொண்டு, ஒரு பாலம் வந்தால் ஒரு கொட்டையை வலது பைக்கு மாற்றுவேன். ஒரு பயணத்தில் பாலம் மட்டும். அடுத்த பயணத்தில் கேட். அதற்கடுத்ததில் பிளாட்பார விளக்குக் கம்பங்கள். ஆரல்வாய்மொழியில் காற்றாலைக் காற்றாடிகளை எண்ணும்போது எதிர் சீட்டுச் சின்னப் பெண், "தாத்தா, எனக்கும் ரெண்டு தாங்க" என்று கை நீட்டியது. கொடுத்தால் கணக்குத் தப்பும். கொடுக்கவில்லை.

இந்த விளையாட்டில் பைத்தியம் பிடித்தவர்கள் நாடு முழுவதும் இருந்தார்கள். மின்னஞ்சலிலேயே சந்தித்துக்கொள்ளும் குழு ஒன்று. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் நடத்தினார். உறுப்பினர்கள் கட்டிய இந்தியப் பாதைகளை எல்லாம் சேர்த்து ஒரு சிடி போடப்போவதாக அறிவித்திருந்தார். ஒரு தடத்துக்கு ஒரு பாதை, அவ்வளவுதான் இடம். நம் தடத்தில் நான் ஒருவன்தான் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த சிடியில் என் பாதை இருக்க வேண்டும். வேறு ஆசை எனக்கு அப்போது இல்லை. முடித்து அனுப்பினேன். பதில் வந்தது.

"உங்கள் உழைப்பு தெரிகிறது ஐயா. ஆனால் எங்களில் முக்கால்வாசிப் பேர் எக்ஸ்பிக்கு மாறிவிட்டோம். அதில் கருவி திறக்கவே மாட்டேன் என்கிறது. வழி கிடைக்கும்வரை பொறுத்திருங்கள்."

பொறுத்திருந்தேன். சொல்லப்போனால் ஒருவகையில் நிம்மதியாகவே இருந்தேன். என் பழைய தொண்ணூற்றெட்டில் மட்டும் அந்தப் பாதை ஓடுகிறது, வேறு யாரிடமும் ஓடாது என்பதில் ஒரு பெருமை இருந்தது. அந்த மெஷின் நாளுக்கு இரண்டு தடவையாவது நீலத் திரையைக் காட்டி நின்றுவிடும். மாற்றிவிடலாமே என்று ரிப்பேர்க்காரர் வரும்போதெல்லாம் சொல்வார். மாற்றினால் என் கருவி ஓடாது ஐயா என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். பூட்டின வீட்டுக்கு ஒரே சாவி என் கையில் இருப்பது போலச் சொல்வேன்.

இந்த நிலையில்தான் சகலை வீட்டுக்கு எக்ஸ்பி வந்தது.

சகலை கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கடையை மூத்த மகனிடம் விட்டபிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வருவார். நான் பாதை கட்டுவதை என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்ப்பார். "அண்ணாச்சி, இரணியல் அப்படியே இருக்கு" என்பார். முதல் தடவை சொன்னபோது எனக்கும் சந்தோஷம்தான். அடுத்த மாதமே அதே விளையாட்டைத் தாமும் வாங்கினார். புதிய கம்ப்யூட்டர் வந்ததும் என்னிடமிருந்தே கருவியை சிடியில் பதிந்துகொண்டு போனார். புதிய மெஷினில் அது திறக்காது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

அடுத்த ஞாயிறு நாங்களே கரமனைக்குப் போனோம். வாசலிலேயே சகலை நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க. உங்க டூல் ஓடுதாக்கும்."

"எதுல ஓடுது?"

"இதுலதான். எக்ஸ்பியில."

"ஓடாதே வே. எழுதினவரே பொறுப்பில்லைனு சொல்லியிருக்காரு."

"மொதல்ல ஓடத்தான் இல்ல. பையன் ஃபோன்ல சொல்லித் தந்தான். வலது பக்கம் அமுக்கணும், அதுல ஒரு வரி வரும். 'தொண்ணூத்தெட்டு மாதிரி நடந்துக்கோ'னு ஒரு டிக். அவ்வளவாக்கும் காரியம்."

காட்டினார். ஒரே ஒரு கட்டம், அதில் ஒரே ஒரு டிக். கோயம்புத்தூர்க்காரரும் அவர் ஆட்களும் மாதக்கணக்கில் தேடியது அங்கே இருந்தது. நான் இரண்டு வருஷம் நீலத் திரையைச் சகித்துக்கொண்டு காத்துவந்த ஒற்றைச் சாவி அந்த டிக்கோடு செல்லாக்காசாகிவிட்டது. பழைய மெஷினைப் போலப் புதிய மெஷின் நடிக்கிறதாம். அப்படியானால் நிஜப் பழைய மெஷினை வைத்துக்கொண்டிருக்கிற நான் யார்?

கருவி அவர் திரையில் விரிந்தது. என்னுடையதில் அது விரிய ஒரு காப்பி குடித்து முடிக்கலாம். இங்கே தம்ளரை எடுப்பதற்குள் விரிந்தது. எழுத்து தெளிவு, நிறம் தெளிவு. உட்கார்ந்திருந்த நாற்காலிக்குச் சக்கரம். எல்லாவற்றையும்விட ஒன்று என்னைச் சுட்டது. அவர் பதிந்துகொண்டு போன சிடியில் கருவியோடு என் பாதைப் பொட்டலமும் இருந்தது. அதைத் திறந்ததும் தூரங்கள் வரிசையாக வந்தன. வள்ளியூருக்கு நேரே 1,02,000 என்று இருந்தது. லட்சத்துக்குப் பின் ஒரு கமா, ஆயிரத்துக்குப் பின் ஒரு கமா. நாம் எழுதுகிறபடி. என் மெஷினில் அதே எண் 102,000 என்றுதான் வரும். முப்பத்திரண்டு வருஷம் லட்சக் கமா போட்டு எழுதியவன் நான். அந்த வெளிநாட்டுக் கமாவைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் பல்லில் கல் கடிபட்டது போல இருக்கும். இவருக்குக் கமா கூடச் சரியான இடத்தில் விழுகிறதே என்று நினைத்தேன்.

"கமா எல்லாம் நம்ம ஊர் மாதிரி வருதே" என்றேன்.

"பையன் இந்தியான்னு போட்டுத் தந்தான். தேதி, ரூவா எல்லாம் நம்ம ரீதியில வரும்" என்றார் சகலை. "நீங்களே லைனை ஓட்டிக் காட்டுங்க."

ஓட்டினேன். நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, இரணியல், நாகர்கோவில். எல்லாம் அதனதன் இடத்தில். ஆரல்வாய்மொழிக் காற்றாடிகள் என்னிடம் இருந்ததைவிட அழகாகச் சுற்றின. வள்ளியூருக்குக் கொஞ்சம் முன்னால் தண்டவாளம் முடிந்துவிட்டது. எஞ்சின் ஒன்றுமில்லாத பச்சை வெளியில் தலைகுப்புற இறங்கி நின்றது.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"தெரியலை."

மறுபடி சென்ட்ரலிலிருந்து கிளம்பினோம். இந்தத் தடவை சகலை ஓட்டினார். பராக்குப் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓட்டுவது அவர் வழக்கம். அதனால்தான் கண்ணில் பட்டது. ஊரை விட்டு வெளியே வரும் முன்பே, கிள்ளிப்பாலம் பக்கம் வீடுகளுக்கு நடுவே, மூன்று ஸ்டேஷன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சொருகிக்கொண்டு நின்றன. ஒன்றின் பெயர்ப்பலகை இன்னொன்றின் கூரையைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முதல் தடவை வேகத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. பலகையில் இருந்தது திருநெல்வேலி.

சகலை சிரிக்கத் தொடங்கினார். சமையலறையைப் பார்த்துக் கூப்பிட்டார். "ஏட்டி, இங்க வந்து பாரு. உங்க ஊரு ஸ்டேஷன் நம்ம கடைக்குப் பின்னால வந்து நிக்கி."

என் மைத்துனி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "நல்லதாப் போச்சு. இனி தீவாளிக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். நடந்தே போலாம்."

"ஹல்வாவும் நடந்தே வரும்" என்றாள் என் மனைவி.

மூன்று பேரும் சிரித்தார்கள். என் பாதையைப் பார்த்து. நானும் சிரித்தது போல வாயை வைத்துக்கொண்டேன்.

அந்த டிக் விஷயத்தைச் சகலை அன்றே எங்கள் குழுவில் தாமும் சேர்ந்து எழுதிவிட்டார். அவர் வீட்டில் இன்டர்நெட் எப்போதும் திறந்தே கிடக்கும். என்னைப் போல ஃபோன் ஒயரைப் பிடுங்கி மாட்டிக் கீச்சுச் சத்தம் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். குழுவே அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. எல்லோரும் டிக் போட்டார்கள். எல்லோருக்கும் கருவி திறந்தது. என் பாதையையும் ஓட்டிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் வள்ளியூருக்கு முன்னால் எஞ்சின் கவிழ்ந்தது.

பிறகு சகலை தாமே ஒரு பாதை கட்டத் தொடங்கினார். திருவனந்தபுரம் முதல் நாகர்கோவில் வரை.

அவர் கட்டுவதை நான் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. எதையும் எண்ணவில்லை. கடைச் சரக்கு எடுக்க அந்த லைனில் முப்பது வருஷம் போய்வந்தவர். கண்ணை மூடி யோசிப்பார், "இங்க ஒரு குளம் உண்டு, குளத்துல ஆம்பல் உண்டு" என்று நடுவார். இரணியல் பிளாட்பாரத்தில் பன்னிரண்டு விளக்குக் கம்பம் வைத்தார். ஒன்பதுதான் உண்டு. நான் இரண்டு தடவை எண்ணியது.

"ஒம்பதுதான் வே."

"பன்னெண்டு இருந்தா பார்க்க வெளிச்சமா இருக்கும்லா அண்ணாச்சி."

ஒன்றரை மாதத்தில் முடித்துவிட்டார். எனக்கு இரண்டு வருஷம் ஆனது. குழுவில் வந்த கடிதங்களை நான் ஒன்று விடாமல் படித்தேன். 'மழைக்காலத்தில் அந்த வழியாகப் போனதுபோல இருக்கிறது.' 'குளத்தங்கரையில் துணி துவைக்கிற பெண் அற்புதம்.' 'நான் நெய்யாற்றின்கரையில் பிறந்தவன், கண் கலங்கிவிட்டது.' பதினேழு கடிதம். என் பாதைக்கு வந்தவை நான்கு. அதில் மூன்று, கவிழ்ந்ததைப் பற்றி. நான் வைத்த பாலம் ஒவ்வொன்றும் சரியான மீட்டரில் நின்றது. அதற்காக யாருக்கும் கண் கலங்கவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் எனக்குத் தனியாக எழுதினார். "நீளமான பாதைகள் எக்ஸ்பிக்கு ஒத்துவரவில்லை என்று தெரிகிறது. நூறு கிலோமீட்டருக்கு உட்பட்டவை நன்றாக ஓடுகின்றன. கருவி எழுதியவருக்கும் கடிதம் போட்டோம், பதில் இல்லை. ஆகவே உங்கள் தடத்துக்கு நாகர்கோவில் பாதையையே சிடியில் சேர்க்கிறோம். மாத முடிவில் சிடி தயாராகும். வருத்தப்படாதீர்கள்."

வருத்தப்படாதீர்கள் என்று எழுதுகிறவர்களுக்குக் கை வலிப்பதே இல்லை.

நாலைந்து நாள் நான் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. மனைவி கேட்டாள்: "எதுக்கு இப்படி முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கிய? அவியளுது வந்தா என்ன, உங்களுது வந்தா என்ன? குடும்பத்துல ஒருத்தருது வந்தா போராதா?"

"போராது" என்றேன்.

"சரி, அப்போ இப்படி இருந்தா வந்துருமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கேள்வி எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வேறு வழியும் இல்லை. நூறு கிலோமீட்டர் என்பதை யோசித்தேன். நீளமாக இருப்பதால் கெட்டுப்போகிறது என்றால் தண்டவாளம் பாதியில் மறைய வேண்டும், சரி. ஆனால் மறைந்த ஸ்டேஷன்கள் எதற்காகக் கிள்ளிப்பாலத்துக்கு வர வேண்டும்? நூறு இடம் இருக்க, ஏன் சாலைக் கடைக்குப் பின்னால்? தப்பு நடக்கிற இடத்தில் ஒரு ஒழுங்கு இருக்கும் என்பது அளவைக்காரனுக்குத் தெரியும். சங்கிலியில் ஒரு கண்ணி நெளிந்திருந்தால் எல்லா அளவும் ஒரே மாதிரிதான் தப்பும்.

அடுத்த ஞாயிறு சகலை வீட்டுக்குப் போய், "என் லைனை ஒரு தடவை போடும் வே, கிள்ளிப்பாலம் வரைக்கும் மட்டும் போதும்" என்றேன். திரையின் மூலையில் புறப்பட்ட இடத்திலிருந்து தூரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஊர்ந்து போகச் சொல்லி அதைப் படித்தேன். வள்ளியூர் நின்றது ஆயிரத்து இரண்டாவது மீட்டரில். நாங்குநேரி ஆயிரத்துப் பதினைந்தில். திருநெல்வேலி ஆயிரத்து நாற்பத்தைந்தில்.

நான் வைத்தது ஒரு லட்சத்து இரண்டாயிரம், ஒரு லட்சத்துப் பதினையாயிரம், ஒரு லட்சத்து நாற்பத்தையாயிரம்.

வரிசை மாறவில்லை. இடைவெளியும் மாறவில்லை, கிலோமீட்டர் மட்டும் மீட்டராகச் சுருங்கியிருந்தது. யாரோ கடைசி மூன்று இலக்கத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டு, முன்னால் இருந்ததை மட்டும் படித்திருக்கிறார்கள். ஒன்று, கமா, பூஜ்யம் இரண்டு. ஆயிரத்து இரண்டு. அதற்குமேல் இன்னொரு கமா வரும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கருவி எழுதின அந்த மனிதருக்கு லட்சம் தெரியாது. அவர் ஊரில் ஆயிரத்துக்கு ஒரு கமா, அடுத்தது பத்து லட்சத்துக்குத்தான். நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டரில் ஒரு கமாவுக்குமேல் அவர் பார்த்திருக்கவே மாட்டார். கமாவுக்கு முன்னால் உள்ளது ஆயிரம், பின்னால் உள்ளது மிச்சம் என்று கருவிக்குச் சொல்லி வைத்துவிட்டார். கம்ப்யூட்டர் இந்தியா என்று வைக்கப்பட்டிருந்தால் எண் இரண்டு கமாவோடு வரும். கருவி முதல் கமாவோடு குழம்பிவிடும். தொண்ணூற்றொன்பதாயிரம் வரை நமக்கும் அவர்களுக்கும் கமா ஒரே இடத்தில்தான். அதனால்தான் குட்டைப் பாதைகள் தப்பித்தன. எக்ஸ்பி பேரில் ஒரு குற்றமும் இல்லை. ஊரெல்லாம் புது மெஷின் வாங்கினவர்கள், நம் நாட்டுக்காரர்கள்தானே என்று இந்தியா என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு மெஷின் கொடுத்த ரிப்பேர்க்காரர் சோம்பேறி. வெளிநாட்டுக் கமாவை அப்படியே விட்டுவிட்டார். நான் இரண்டு வருஷம் அவரைத் திட்டினேன். அந்தக் கமாதான் என் திருநெல்வேலியை அதன் இடத்தில் பிடித்து வைத்திருந்தது.

சொல்லாமல் எழுந்து வீட்டுக்குப் போய், என் பெயரில் குழுவுக்கு எழுதிவிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சோதித்துப் பார்க்காமல் எழுதி, தப்பாகப் போனால் இன்னொரு சிரிப்பு. சோதிக்க எக்ஸ்பி வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே எக்ஸ்பி இந்த மேஜையில் இருந்தது.

"வே, இந்தியாவை எடுத்துட்டு அமெரிக்கானு போடும்."

"என்னத்துக்கு அண்ணாச்சி? பையன் போட்டுத் தந்ததாக்கும்."

"போடும், சொல்லுதேன்."

போட்டார். கருவியை மூடித் திறந்தோம். வள்ளியூருக்கு நேரே 102,000 என்று வந்தது. முதல் தடவையாக அந்தக் கமா எனக்கு அசிங்கமாகத் தெரியவில்லை. சென்ட்ரலிலிருந்து கிளம்பினோம். கிள்ளிப்பாலத்தில் வீடுகள் மட்டும் இருந்தன. காத்திருந்து காத்திருந்து, பணகுடி தாண்டி, வள்ளியூர் வந்தது. நாங்குநேரி வந்தது. திருநெல்வேலிக்கு வெளியே சிக்னலில் நான் எண்ணி வைத்திருந்த ஆறு பனைமரமும் நின்றன.

"அப்போ ஒரு கமாவாக்கும் காரியம்" என்றார் சகலை. "எல்லாரும் இதைத்தான் அண்ணாச்சி பார்த்துக்கிட்டு இருந்தோம். சரியான எடத்துல இருக்கதை எவன் தப்புனு பார்ப்பான்?"

மைத்துனி காப்பி கொண்டுவந்தாள். நான் வாங்கிக் குடித்துத் தம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவர் குழுவுக்கு எழுதி அனுப்பிவிட்டார். என்ன எழுதினீர் என்று எட்டிப் பார்த்தேன். 'இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, என் அண்ணாச்சி. அவரைப் போல எண்ணத் தெரிந்தவர் நம் குழுவில் யாரும் இல்லை.' இப்படி எழுதியிருந்தார். ஒரு வரியைத் தமக்கென்று வைத்துக்கொண்டிருந்தால் எனக்குக் கோபப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதையும் தரவில்லை.

மறுநாள் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. எண்ணினேன். பதினான்கு. பதினேழுக்கு மூன்று குறைவு.

கோயம்புத்தூர்க்காரர் எழுதியதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவர் இப்படி எழுதியிருந்தார்: 'உங்கள் பாதை இப்போது முழுவதும் ஓடுகிறது. ஒரு தடத்துக்கு ஒன்று என்பது விதி. நாகர்கோவில் வரை உங்கள் சகலையின் பாதை கண்ணுக்கு அருமை. அதற்குமேல் உங்களுடையது மட்டுமே இருக்கிறது. இரண்டையும் நாகர்கோவிலில் சேர்த்துவிடலாமா? சம்மதித்தால் திருநெல்வேலிவரை போடுகிறோம். இல்லையென்றால் நாகர்கோவிலோடு நிறுத்திக்கொள்கிறோம்.'

என் பாதையில் பாதி. நேமத்திலிருந்து இரணியல்வரை நான் நட்டதை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, அங்கே ஆம்பல் குளம். சம்மதிக்கவில்லையென்றால் அதுவும் கிடையாது, அவருடையது மட்டும் நிற்கும். இரண்டு நாள் யோசித்தேன். மனைவியிடம் கேட்கவில்லை, கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும். மூன்றாம் நாள் கரமனைக்குப் போய், "சம்மதம். ஆனா இரணியல்ல ஒம்பது கம்பம்தான் இருக்கணும்" என்றேன்.

சகலை சிரித்தார். "மூணு கம்பத்துக்காகவா இவ்வளவு தூரம் வந்திய? ஃபோன்ல சொன்னா நானே எடுத்திருப்பேனே."

"நான் எடுக்கணும்."

"எடுங்க. யாரு வேண்டாம்னா?" நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார்.

மூன்று கம்பத்தை எடுத்தேன். பிளாட்பாரம் கொஞ்சம் இருட்டாகத்தான் ஆனது.

மாத முடிவில் சிடி வந்தது. எனக்கொன்று, அவருக்கொன்று. என் மெஷினில் போட்டால் குளம் பாதி விரிவதற்குள் நீலத் திரை வரும். ஆகவே அவர் வீட்டில்தான் முதல் ஓட்டம். சென்ட்ரலிலிருந்து அவர் ஓட்டினார். துணி துவைக்கிற பெண் வந்தாள், ஆம்பல் வந்தது, மழை பெய்தது. இரணியலில் ஒன்பது கம்பம். என் மைத்துனியும் மனைவியும் பின்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். குளம் வந்தபோது மைத்துனி, "இது எங்க வாத்தியார் வீட்டுக் குளம் மாதிரியாக்கும்" என்றாள். அவ்வளவு அழகு. எனக்கு வயிறு எரிந்தது. இப்போது நினைத்தாலும் எரிகிறது.

நாகர்கோவிலில் வண்டி நின்றது. நிஜத்திலும் அங்கே எஞ்சினைக் கழற்றி மறுகோடியில் மாட்டித்தான் திருநெல்வேலிக்குக் கிளப்புவார்கள். அதுவரை முன்னால் இருந்த பெட்டி கடைசியாகிவிடும். விளையாட்டிலும் அதைச் செய்யாமல் முடியாது. சகலை எஞ்சினைக் கழற்றினார். பக்கத்துத் தண்டவாளத்தில் சுற்றிக்கொண்டுபோய் மறுகோடியில் மெதுவாக இடித்து மாட்டினார். பிறகு எழுந்தார்.

"இனி உங்க லைன் அண்ணாச்சி. உக்காருங்க."

உட்கார்ந்தேன். நாற்காலி அவர் சூட்டோடு இருந்தது. சக்கரம் ஓசையில்லாமல் என்னை மேஜைக்கு அருகே கொண்டுபோனது. இப்படி ஒரு நாற்காலி எங்கே கிடைக்கும் என்று கேட்கலாமா என்று நினைத்தேன், கேட்கவில்லை. சிக்னல் பச்சையானது. ஹாரன் அடித்து வண்டியைக் கிளப்பினேன். ஆரல்வாய்மொழியில் காற்றாடிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

"எத்தனை அண்ணாச்சி?" என்றார் சகலை.

"எண்ணிக்கிட்டே வாரும்" என்றேன்.